எஸ்எஸ்-25 கிணறு: 892 அடியில் அரித்த கேசிங்கும் நடக்காமல் போன பழுதுபார்ப்பும்

2015 அக்டோபர் 23 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு வடக்கே சாண்டா சுசானா மலைத்தொடரில் உள்ள அலிசோ கேன்யன் வயலில், எஸ்எஸ்-25 என்ற கிணற்றைச் சுற்றித் தரையிலிருந்து வாயு கசிவது தெரியவந்தது. அதை நிறுத்த 111 நாள் ஆனது. அதற்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. மலையடிவாரத்தில் உள்ள போர்ட்டர் ராஞ்ச் பகுதியிலிருந்தும் அதை ஒட்டிய இடங்களிலிருந்தும் 8,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறி வேறு இடங்களில் தங்க வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவத்தைச் சூழல் பேரிடராகப் பார்த்து நிறைய எழுதியிருக்கிறார்கள். கிணற்றுப் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் இதை வேறு ஒரு கோணத்தில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உடைந்தது 7 அங்குலக் கேசிங், அதாவது கிணற்றுக்குள் சுவராக நிற்கும் எஃகுக் குழாய். உடைந்த இடம் வெறும் 892 அடி ஆழம். கிணறுகளைப் பழுதுபார்க்கப் பயன்படும் எந்த வொர்க்ஓவர் ரிக்கும் சிரமமில்லாமல் எட்டக்கூடிய ஆழம் அது. அதே வயலில் கேசிங் கசிவுகளைப் பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்த்து வந்திருந்தார்கள். அப்படியிருந்தும் இது நடந்தது ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

கிணறு எப்படிக் கட்டப்பட்டிருந்தது

எஸ்எஸ்-25 எண்ணெய்க் கிணறாகப் பிறந்தது. 1953 அக்டோபரில் தோண்டத் தொடங்கி 1954 ஏப்ரலில் முடித்தார்கள். வயலில் எண்ணெய் வற்றிய பிறகு, அதே பாறை அடுக்குகளில் இயற்கை எரிவாயுவை அழுத்திச் சேமிக்கும் திட்டம் வந்தது. 1973இல் இந்தக் கிணறும் சேமிப்புக் கிணறாக மாற்றப்பட்டது. தேவை குறைந்த காலத்தில் வாயுவை உள்ளே செலுத்துவார்கள், தேவை ஏறும்போது வெளியே எடுப்பார்கள்.

மேற்பரப்புக் கேசிங் 11¾ அங்குல விட்டம், 990 அடி வரை. அதற்குள் 7 அங்குல உற்பத்திக் கேசிங், சுமார் 8,600 அடி வரை. அதற்குள் 2⅞ அங்குல டியூபிங் என்ற உள்குழாய், அடியில் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கும் ஒரு பேக்கர். 7 அங்குலக் கேசிங்கின் வெளிப்புறத்தில் சிமெண்ட் இருந்தது கீழ்ப்பகுதியில் மட்டும். மேலே பல ஆயிரம் அடிக்குச் சிமெண்ட் கிடையாது. அந்தக் காலத்தில் இது வழக்கமான வடிவமைப்புதான். எண்ணெய் வரும் அடுக்கை மற்ற அடுக்குகளிலிருந்து பிரித்தால் போதும் என்று நினைத்த காலம் அது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வாயு டியூபிங் வழியாக மட்டும் போகவில்லை. டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையே உள்ள ஆனுலஸ் வழியாகவும் போனது. பாதை அகலமானால் நிறைய வாயுவைச் சீக்கிரம் எடுக்கலாம் என்பதுதான் காரணம். அதன் விலை, சேமிப்பின் முழு அழுத்தமும் 7 அங்குலக் கேசிங்கின் சுவர் மேல் நேரடியாக விழுந்ததுதான். அந்தச் சுவர் ஓட்டையானால் தடுக்க வேறு எதுவும் இல்லை. இரண்டாவது, அடியில் முதலில் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. 1979இல் அதைக் கழற்றினார்கள். திரும்பப் பொருத்தவில்லை.

கேசிங் எவ்வளவு மெலிந்திருந்தது

விசாரணையை மாநில ஒழுங்குமுறை அமைப்புகள் பிளேட் எனர்ஜி பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தன. அவர்கள் கிணற்றின் மேல்பகுதிக் கேசிங்கை வெட்டி வெளியே எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, 2019 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். கேசிங் வெளிப்பக்கத்திலிருந்து அரித்திருந்தது. மிக மோசமான இடத்தில் சுவர்த் தடிமனில் சுமார் 85 சதவீதம் போயிருந்தது. அங்கே குழாய் நீளவாக்கில் சுமார் 2 அடிக்குக் கிழிந்தது. வாயு வெளியேறும்போது விரிவடைந்து குளிர்ந்தது. அந்தக் குளிரில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்து, சில மணி நேரத்துக்குள் குழாய் குறுக்கே முழுதாக அறுந்தது.

எண்களைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். மேல்பகுதியில் இருந்தது அடிக்கு 23 பவுண்டு எடையுள்ள ஜே-55 ரகக் குழாய். புதிதாக இருக்கும்போது அதன் சுவர் 0.317 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டர். உள் அழுத்தத்தைத் தாங்கும் அளவு 4,360 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). கிணற்றில் அப்போது இருந்த அழுத்தம் ஏறத்தாழ 2,700 பிஎஸ்ஐ. புதுக் குழாய் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் 85 சதவீதம் போனால் மிஞ்சுவது 1.2 மில்லிமீட்டர்தான். குழாய் முழுக்க இதே அளவுக்கு மெலிந்திருந்தால் சுமார் 700 பிஎஸ்ஐதான் தாங்கும். அப்படியானால் எப்போதோ வெடித்திருக்க வேண்டுமே? அரித்த திட்டு சிறியதாக இருக்கும்வரை, அதைச் சுற்றியுள்ள தடித்த இரும்பு சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். திட்டின் நீளம் கூடக்கூட அந்தப் பங்கு குறையும். கேசிங் அரிப்பில் ஆழத்தை மட்டும் பார்க்காமல் நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். 40 சதவீதம் தேய்ந்த நீளமான பள்ளம், 60 சதவீதம் தேய்ந்த ஒற்றைக் குழியைவிட ஆபத்தாக இருக்கக்கூடும்.

அரித்தது யார்

அரிப்பு நடந்த இடம் 7 அங்குலக் கேசிங்குக்கும் 11¾ அங்குலக் கேசிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி. அங்கே சிமெண்ட் இல்லை. நிலத்தடி நீர் உள்ளே வந்து தேங்கியது. அந்த நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்தன. பிளேட் அறிக்கை குறிப்பாகச் சுட்டியது மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா வகை உயிர்களை, அதாவது பாக்டீரியா அல்லாத ஒற்றைச் செல் நுண்ணுயிர்களை. நுண்ணுயிர் அரிப்பு என்றதும் இந்தத் துறையில் எல்லோருக்கும் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாதான் நினைவுக்கு வரும். இங்கே முதன்மைக் குற்றவாளி வேறு. மாதிரி எடுக்கும்போது ஒரே இனத்தை மட்டும் தேடினால் இப்படிப்பட்டது தப்பிவிடும்.

மேற்பரப்புக் கேசிங்கும் நல்ல நிலையில் இல்லை. அதிலும் அரிப்பு ஓட்டைகள் இருந்தன. அதனால்தான் 7 அங்குலக் குழாயிலிருந்து வெளியேறிய வாயு, வெளிக் கேசிங்கையும் தாண்டி மண்ணுக்குள் புகுந்து மலைச்சரிவின் வெடிப்புகள் வழியாக மேலே வந்தது.

இங்கே மின்னோட்டம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு கொடுத்திருந்தால் தப்பித்திருக்குமா என்று கேட்கலாம். வெளிக் கேசிங்குக்கு உதவியிருக்கும். ஆனால் அதற்குள் நிற்கும் 7 அங்குலக் குழாய்க்கு அந்த மின்னோட்டம் போய்ச் சேராது, வெளிக் குழாய் மறைத்துவிடும். ரெண்டு குழாய்க்கு நடுவே நடக்கும் அரிப்பைச் சிமெண்டாலோ, நீர் நுழைவதைத் தடுத்தோதான் கட்டுப்படுத்த முடியும்.

கண்டுபிடிக்க வழி இருந்ததா

இருந்தது. இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் பாதிப்பது இந்தப் பகுதிதான்.

வயலில் ஆண்டுதோறும் வெப்பநிலை லாக் ஓட்டினார்கள், அதாவது கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பநிலையைப் பதிவு செய்தார்கள். வாயு கசிந்தால் அந்த இடம் குளிரும், வளைகோட்டில் ஒரு பள்ளம் தெரியும். சந்தேகம் வந்தால் சத்த லாக் ஓட்டி உறுதி செய்வார்கள். இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் ரெண்டுமே ஓட்டை விழுந்த பிறகுதான் பேசும். சுவர் 8 மில்லிமீட்டரிலிருந்து 1.2 மில்லிமீட்டருக்கு இறங்கும் வரையிலும் வெப்பநிலை லாக் வளைகோடு சுத்தமாகவே இருக்கும்.

சுவர்த் தடிமனை அளக்கும் லாக்குகள் வேறு. காந்தப்புலக் கசிவு முறை, மீயொலி முறை, மின்காந்த முறை என்று மூன்று வகை உண்டு. பல விரல் காலிப்பரை இதில் சேர்க்கக் கூடாது. அது குழாயின் உள்விட்டத்தை மட்டும் தொட்டு அளக்கும். வெளிப்பக்கமாக 85 சதவீதம் போயிருந்தாலும் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் காலிப்பர் 'நன்று' என்று எழுதிக் கொடுத்துவிடும். வெளி அரிப்பைச் சந்தேகப்படும் கிணற்றில் காலிப்பரை மட்டும் ஓட்டி நிம்மதி அடைவது ஆபத்து.

1988இல் வயலை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதப்பட்டது. கேசிங் வழியாக வாயு போகும் பழைய கிணறுகள் இருபதைத் தடிமன் லாக்குக்கு உட்படுத்த வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. எஸ்எஸ்-25 அந்தப் பட்டியலில் இருந்தது. இருபதில் ஏழு கிணறுகளில்தான் லாக் ஓட்டினார்கள். அவற்றிலேயே வெளிப்பக்கத் தேய்மானம் தென்பட்டது. எஸ்எஸ்-25இன் முறை வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றை ஊகிக்க முடிகிறது. தடிமன் லாக் ஓட்ட வேண்டுமானால் கிணற்றைக் கனமான திரவத்தால் அடக்கி, டியூபிங்கை முழுவதும் மேலே இழுத்தாக வேண்டும். ரிக் வேண்டும், கிணறு பல நாள் நிற்கும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத கிணற்றுக்கு அந்தச் செலவைக் கேட்டு வாங்குவது எந்த வயலிலும் கஷ்டம்தான்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால்

லாக் ஓட்டி, 800 முதல் 900 அடிக்குள் வெளி அரிப்பு இருப்பது தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன செய்திருக்கலாம்? ஏறக்குறைய எல்லாப் பழைய தரைக் கிணறுகளுக்கும் பொருந்தும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் தொடக்கம் ஒன்றுதான். உப்புநீரால் கிணற்றை அடக்க வேண்டும். டியூபிங்கை எடுத்த பிறகு, அரிப்புக்கு நன்றாகக் கீழே, நல்ல கேசிங்கில் குழாயை அடைக்கும் ஒரு பிரிட்ஜ் பிளக் வைத்து அதன் மேல் கொஞ்சம் மணல் கொட்ட வேண்டும். மேலே விழும் இரும்புத் துண்டும் சிமெண்டும் பிளக்கைக் கெடுக்காமல் இருக்கத்தான் மணல். பிளக்கைச் சோதித்த பிறகே மேல்வேலை.

முதலில் எல்லோர் கையும் போவது சிமெண்ட் ஸ்க்வீஸ் பக்கம். ஓட்டை வழியாகச் சிமெண்டை அழுத்தி வெளியே தள்ளி, உள்ளே மிஞ்சியதைத் துளைத்து எடுத்துவிடுவார்கள். செலவு குறைவு, விட்டமும் குறையாது. அழுத்தம் குறைந்த எண்ணெய்க் கிணற்றில், மேலிருந்து நீர் உள்ளே கசிவதை நிறுத்த இது பல ஆண்டு உழைக்கும். ஆனால் மெலிந்த இரும்பைச் சிமெண்ட் தடிமனாக்காது. மாதாமாதம் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்கும் வாயுச் சேமிப்புக் கிணற்றில், 1.2 மில்லிமீட்டர் சுவருக்குப் பின்னால் நிற்கும் சிமெண்டை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டைக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

அடுத்தது உள் பேட்ச். எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கி, விரியச் செய்து, கேசிங் சுவரோடு இறுக்கி ஒட்டுவது. அரிப்பு குறுகிய நீளத்துக்குள் அடங்கியிருந்தால் நல்ல வழி. அரிப்பின் மேல் முனையும் கீழ் முனையும் எங்கே என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். பேட்ச்சின் இரு நுனியும் நல்ல இரும்பில் உட்கார வேண்டும். அடிக்கு 23 பவுண்டு குழாயின் உள்விட்டம் 6.366 அங்குலம். பேட்ச் போட்ட பிறகு அது குறையும், பிற்பாடு இறக்கும் பேக்கரும் கருவிகளும் அந்தக் குறுகிய இடத்தைக் கடந்து போக வேண்டும். இதைத் திட்டமிடாமல் பேட்ச் போட்டுவிட்டு, அப்புறம் பேக்கர் இறங்கவில்லை என்று விழிப்பது வீண்வேலை.

மூன்றாவது, வெட்டி மாற்றுவது. எஸ்எஸ்-25க்கு நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய வழி இதுதான். அரிப்பு ஆழமில்லாத இடத்தில். 7 அங்குலக் குழாயின் வெளியே அந்த உயரத்தில் சிமெண்ட் இல்லை. அரிப்பு வரக் காரணமான அதே வெற்றிடம், குழாயை வெட்டி மேலே இழுப்பதையும் எளிதாக்குகிறது. 892 அடி என்பது 990 அடியில் முடியும் மேற்பரப்புக் கேசிங்குக்குள் இருக்கிறது. அதனால் அதன் அடிமுனையான ஷூவுக்கு மேலேயே, வெளிக் குழாயின் பாதுகாப்புக்குள் வெட்ட இடம் கிடைத்திருக்கலாம். பழைய குழாயை எடுத்துவிட்டு, புதுக் குழாயின் அடியில் ஒரு வெளிக் கேசிங் பேட்ச் மாட்டி, அதை வெட்டிய முனையின் மேல் தொப்பி மாதிரி இறக்கிப் பிடிக்கச் செய்வார்கள். அல்லது வெட்டுவதற்குப் பதில் குழாய்கள் இணையும் ஒரு கப்ளிங்கில் மரையைக் கழற்றி, புதுக் குழாயைத் திரும்ப முறுக்கி மாட்டுவார்கள். முழு விட்டம் கிடைக்கும், முழு வலிமையும் கிடைக்கும்.

இதில் சிக்கல் இரண்டு. அரிப்பு ஷூவுக்குக் கீழும் தொடர்ந்தால், வெட்டு திறந்த துளைக்குள் போகும். அங்கே மண் சரிந்து குழாயை இறுக்கிப் பிடித்திருக்கலாம், வெட்டிய முனையைத் திரும்பப் பிடிப்பதும் சிரமம். இன்னொன்று இழுவிசை. 7 அங்குலக் குழாய் கிணற்றுத்தலையில் இழுவிசையோடு தொங்குகிறது. வெட்டும் முன் அது எவ்வளவு என்று கணக்கிட்டு, புதுக் குழாயை அதற்கேற்ற இழுவிசையில் மீண்டும் கிணற்றுத்தலையில் குழாயைப் பிடித்துத் தாங்கும் ஸ்லிப்பில் உட்கார வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் குழாய் சூடாகும்போது வளையும்.

நான்காவது, முழு நீளத்துக்கும் ஒரு சிறிய உள் கேசிங் இறக்கிச் சிமெண்ட் போடுவது. அரிப்பு பல இடங்களில் பரவியிருந்தால் இதைத் தவிர வேறு வழி இருக்காது. கிணற்றின் உற்பத்தி குறையும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் கிணற்றை நிரந்தரமாக மூடிவிட வேண்டும். அது தோல்வி கிடையாது, அதுவும் ஒரு பழுதுபார்ப்பு முடிவுதான்.

வெட்டி மாற்றிய பிறகு இடைவெளியில் மேலிருந்து சிமெண்ட் நிரப்பியாக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுக் குழாயும் அதே நீரில், அதே உயிர்களோடு நிற்கும். பழுதுபார்த்த நாளிலிருந்தே அடுத்த அரிப்பு தொடங்கிவிடும்.

அறுந்த பிறகு

குழாய் அறுந்தபின் மேலே சொன்ன எதுவும் சாத்தியமில்லை. முதலில் வாயுவை அடக்க வேண்டும். டியூபிங் வழியாகத் திரவம் செலுத்தி அடக்க ஏழு முறை முயன்றார்கள், ஏழும் தோற்றன. அடியிலிருந்து வாயு வந்த வேகத்துக்குத் திரவத்தின் அடர்த்தியும் செலுத்திய வேகமும் போதவில்லை, அடியில் திரவம் தங்கும் முன்பே வாயு அதைத் தூக்கி வெளியே எறிந்தது. முறையான ஓட்டக் கணக்கீடு செய்து திட்டமிட்டிருந்தால் முன்னதாகவே அடக்கியிருக்கலாம் என்றது விசாரணை. முயற்சிகளுக்கு இடையே கிணற்றுத்தலையைச் சுற்றி மண் அரித்துப் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனது. டிசம்பர் 22 அன்று நடந்த கடைசி முயற்சியில் கிணற்றுத்தலையே ஆடத் தொடங்கியது, அதோடு நிறுத்தினார்கள்.

பக்கத்திலிருந்து தோண்டி, கசியும் கிணற்றை அடியில் சந்திக்கும் நிவாரணக் கிணறு டிசம்பர் 4 அன்று தொடங்கியிருந்தது. பழைய கேசிங்கின் காந்தத் தடத்தைப் பின்பற்றி, 8,000 அடிக்கும் கீழே அதைச் சந்தித்து, 2016 பிப்ரவரி 11 அன்று அடியிலிருந்து கனமான சேற்றைச் செலுத்தி வாயுவை அடக்கினார்கள். பிறகு சிமெண்ட். பிப்ரவரி 18 அன்று கிணறு மூடப்பட்டதாக மாநில அரசு அறிவித்தது. நிவாரணக் கிணற்றுக்கான முடிவை முதல் வாரத்திலேயே எடுத்திருந்தால், குடும்பங்கள் வீடு திரும்பும் நாளும் அவ்வளவு முன்னதாக வந்திருக்கும்.

அறுபதுக்கும் மேற்பட்ட கசிவுகள்

விசாரணை அறிக்கையில் ஒரு வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டுத் திரும்பப் படித்தேன். எஸ்எஸ்-25க்கு முன், 1970களிலிருந்து, அதே வயலில் அறுபதுக்கும் மேற்பட்ட கேசிங் கசிவுகள் நடந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஏன் கசிந்தது என்ற ஆய்வு செய்யப்படவில்லை.

அந்தக் கிணறுகளைப் பழுதுபார்த்த ரிக் ஆட்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கலாம். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஓட்டை எந்த ஆழத்தில், உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்தா, வெளியே சிமெண்ட் இருந்ததா, நீர் எந்த அடுக்கிலிருந்து வந்தது, அதே வடிவமைப்பில் எத்தனை கிணறு நிற்கிறது: இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. ஒவ்வொரு கசிவும் தனிக் கிணற்றின் தனிப் பிரச்சினையாக மூடப்பட்டது. ஐந்து கேள்வியை முதல் பத்துக் கசிவுகளுக்குக் கேட்டிருந்தாலே, சிமெண்ட் இல்லாத மேல்பகுதி, நிலத்தடி நீர், வெளி அரிப்பு என்ற தடம் கண்ணில் பட்டிருக்கும். எஸ்எஸ்-25 பட்டியலின் மேலே ஏறியிருக்கும்.

பிறகு மாறியவை

விபத்துக்குப் பின் கலிபோர்னியா இந்த வயலுக்கும், பிறகு எல்லாச் சேமிப்பு வயல்களுக்கும் விதிகளைக் கடுமையாக்கியது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வாயு டியூபிங் வழியாக மட்டும்தான் போக வேண்டும், கேசிங் இரண்டாவது தடுப்பாக நிற்க வேண்டும். ஒரு சுவர் போனாலும் இன்னொன்று இருக்கும், நடுவில் உள்ள ஆனுலஸில் அழுத்தம் ஏறினால் முதல் சுவர் போய்விட்டது என்று உடனே தெரியும். கேசிங் சுவர்த் தடிமனையும் குறிப்பிட்ட இடைவெளியில், பொதுவாக 24 மாதத்துக்கு ஒருமுறை, அளந்தாக வேண்டும். அமெரிக்க மத்திய அரசும் 2016 டிசம்பரில் நிலத்தடி வாயுச் சேமிப்புக்கு முதன்முறையாக நாடு தழுவிய பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. 2021இல் வயலை நடத்திய நிறுவனமும் அதன் தாய் நிறுவனமும், வழக்குத் தொடுத்த 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 180 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன.

சாதாரண எண்ணெய்க் கிணறுகளுக்கு இவ்வளவு கடுமையான விதி எல்லா இடத்திலும் இல்லை. ஆனாலும் விதிக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேறு எந்த வேலைக்காக டியூபிங் வெளியே வந்தாலும், ரிக் நிற்கும்போதே தடிமன் லாக்கை ஓட்டிவிடுவது. டியூபிங்கை இழுக்கும் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது, லாக்கின் செலவு மட்டும்தான் கூடுதல். கேசிங்கை வெட்டி எடுத்தால், அந்தக் குழாயைப் பழைய இரும்புக் குவியலில் போடும் முன் ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் மேல்முனை எது என்பதையும் பெயிண்டில் எழுதி, மேலே ஒட்டியிருக்கும் படிவத்தைக் கழுவாமல் மாதிரி எடுத்து மூடி வைக்க வேண்டும். நுண்ணுயிர் மாதிரியைக் குழாய் மேலே வந்த அன்றே எடுக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் கிடந்த குழாயிலிருந்து எடுக்கும் மாதிரி கிணற்றுக்குள் என்ன இருந்தது என்பதைச் சரியாகச் சொல்லாது.